ஒரே பலகை, பல ஊர்க் கண்கள்: திருகோணமலையில் அறை வாடகைக்கு விடுவோருக்கான கைநூல்

உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை வீட்டோடு இரண்டு அறை, மூன்று அறை கட்டி விருந்தினரைத் தங்கவைக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். படகுக்காரருக்கும் ஓட்டோ ஓட்டுபவர்களுக்கும் இதில் பாதி உதவும். கடல் அடங்கிக் கிடக்கும் மே முதல் செப்ரெம்பர் வரையான பருவத்தில் ஒரே வாரத்துக்குள் ஒரு ஜேர்மன் சோடி, ஐந்தாறு இஸ்ரேல் இளைஞர், குருநாகலிலிருந்து வான் பிடித்து வரும் சிங்களக் குடும்பம், காத்தான்குடியிலிருந்து ஒரு முஸ்லிம் குடும்பம், சுவிஸிலிருந்து பிள்ளைகளோடு வரும் சொந்தக்காரர் என்று பலரும் வந்து இறங்குவார்கள். எல்லாருக்கும் சுவரில் ஒரே அறிவித்தல்தான். ஒருவர் அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பார். இன்னொருவர் "ஏன்?" என்று கேட்பார். மற்றவர் பலகையைப் பார்ப்பதே இல்லை. பிழை அவர்களில் இல்லை. பலகை ஒருவருக்காக மட்டும் எழுதப்பட்டிருக்கிறது.

ஆளுக்கொரு கண்டிப்பு

"வெள்ளைக்காரர் விதிக்குக் கட்டுப்படுவினம், எங்கட சனம் கட்டுப்படாது" என்ற பேச்சை முதலில் விட்டுவிட வேண்டும். ஒரு வாகனமும் வராத வீதியில் சிவப்பு விளக்குக்காகக் காத்து நிற்கும் ஜேர்மன்காரர், கோணேசர் கோயில் வாசலில் சப்பாத்தோடு இரண்டடி உள்ளே வைத்துவிடுவார். பாதசாரிக் கடவையைத் தேடாமல் கண்ட இடத்தில் வீதியைக் கடக்கும் நம்மவர், மச்சம் சாப்பிட்ட நாளில் அந்த வாசற்படியை மிதிக்கமாட்டார். அவரைத் தடுக்க அங்கே பலகையும் இல்லை, காவலாளியும் இல்லை.

2011 இல் 33 நாடுகளில் செய்த ஓர் ஒப்பாய்வு வெளிவந்தது. பொது நடத்தை விதிகள் எவ்வளவு இறுக்கம், மீறினால் சமூகம் எவ்வளவு பொறுக்கும் என்பதே அதன் கேள்வி. பாகிஸ்தான், மலேசியா, இந்தியா, சிங்கப்பூர் ஆகியவை இறுக்கமான பக்கம் நின்றன. உக்ரைன், எஸ்தோனியா, ஹங்கேரி, இஸ்ரேல், நெதர்லாந்து தளர்ந்த பக்கம் நின்றன. இந்தியா இறுக்கமா என்று வீதி நெரிசலை நினைத்துக் கேட்பீர்கள். உடுப்பு, மரியாதை, பெரியோர் முன் நடக்கும் விதம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் விளங்கும். ஆனால் இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவரை எடைபோடாதீர்கள். அது நாட்டின் சராசரி. உங்கள் முன் நிற்பவர் ஒரு தனி மனிதர்.

தங்குமிடம் நடத்துபவருக்குப் பயன்படுவது வேறு ஒன்று. மனிதர் ஒரு விதியை மூன்று பிடிமானங்களில் ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் கடைப்பிடிக்கிறார்கள். எழுத்தில் இருப்பது, காரணம் விளங்குவது, சொன்னவரின் முகம். ஜேர்மன், சுவிஸ், ஜப்பான் விருந்தினரில் பலருக்கு எழுத்தே போதும். எழுத்தில் இல்லாததைப் பிறகு கேட்டால் ஏமாற்றப்பட்டதாக உணர்வார்கள். இஸ்ரேல், நெதர்லாந்து இளைஞரிடம் காரணத்தைச் சொல்லாமல் வேலை நடக்காது. அவர்கள் கேள்வி கேட்பதை அவமரியாதையாக எடுக்க வேண்டாம். நம்மவரிடமும் சிங்களக் குடும்பங்களிடமும் முகம்தான் பேசும். "அண்ணா, தண்ணி குறைவு, கொஞ்சம் பார்த்துப் பாவியுங்கோ" என்று வாயால் சொன்ன ஒரு வார்த்தை பத்துப் பலகைக்குச் சமம்.

ஆகவே ஒவ்வொரு விதிக்கும் மூன்றும் வேண்டும்: ஒரு வரி எழுத்து, அரை வரி காரணம், வந்த அன்றே வாயால் ஒரு சொல். எதையும் விட்டுவிடலாம் என்று நினைத்தால், விட்ட அந்தப் பக்கத்தால்தான் அடுத்த பிரச்சினை வரும்.

பலகை எழுதுவது

ஐந்து விதிக்கு மேல் எழுதாதீர்கள். பன்னிரண்டு வரி உள்ள பலகையை எழுத்தை மதிப்பவர்கூட முழுதாக வாசிப்பதில்லை. எவற்றை எடுப்பது என்று தெரியாவிட்டால், போன பருவத்தில் உங்களுக்குக் காசு செலவு வைத்தவை எவை, அயலாரோடு மனத்தாங்கல் வரவைத்தவை எவை என்று பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர், கழிவறை, இரவுச் சத்தம், வெளியாள் அறைக்கு வருவது, அறையை ஒப்படைக்கும் நேரம் என்று முடியும்.

மூன்று மீற்றருக்கு அப்பால் நின்று வாசிக்க எழுத்தின் உயரம் ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். தமிழும் சிங்களமும் வளைவு கூடிய எழுத்துகள். ஆங்கிலத்துக்கு வைத்த அளவிலேயே அவற்றையும் அடித்தால் கூட்டெழுத்துகள் மங்கிவிடும். ஒரு பிடி பெரிதாக்குங்கள். சிங்கள வரியைக் கைப்பேசி மொழிபெயர்ப்பில் எடுத்து அப்படியே அச்சிடாதீர்கள். பணிவாக எழுத நினைத்தது அதட்டலாக வந்து நிற்கும். சிங்களம் தாய்மொழியான அயலவர் ஒருவரை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழிலும் அப்படித்தான். "கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது" என்பது கச்சேரிச் சுவரில் இருக்க வேண்டிய மொழி. தங்க வந்தவருக்கு "வேண்டாம்" போதும்.

முக்கியமான சொல்லைச் சிவப்பில் எழுதுவது வழக்கம். கடற்கரை வெயிலில் முதலில் வெளிறுவது சிவப்புத்தான். ஒரு பருவம் முடியும்போது "பிறகு சத்தம் வேண்டாம்" மட்டும் நிற்கும், "இரவு 10 மணிக்கு" மறைந்துவிடும். கறுப்பில் எழுதித் தடித்த எழுத்தாக்குங்கள்.

தண்ணீரும் கழிவறையும்

பருவத்தில் அதிகம் முரண்படுவது இங்கேதான். கணக்கைச் சொன்னால் முரண்பாடு பாதியாகும்.

சாதாரண ஷவர் ஒன்றில் நிமிடத்துக்கு 8 முதல் 10 லீற்றர் தண்ணீர் போகும். மூன்று அறையில் ஆறு பேர், கடலுக்குப் போய்வந்து ஒருதரம், இரவில் ஒருதரம், தலைக்குப் பத்து நிமிடம் என்றால் ஆயிரம் லீற்றர் தாங்கி அன்றே வெறுமையாகிவிடும். கிணறு கோடையில் இறங்கிப்போயிருக்கும். மின்சாரம் நின்ற நேரத்தில் மோட்டரும் ஓடாது. சவர்க்கார நுரையோடு நிற்கும் விருந்தினர் உங்களைக் குற்றம் சொல்லத்தான் செய்வார், ஏனென்றால் அவருடைய ஊரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராமல் இருந்ததே இல்லை.

"தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்" என்பது எவருக்கும் விளங்காத வரி. சிக்கனம் ஆளுக்கு ஆள் வேறு. இப்படி எழுதுங்கள்: "தாங்கி 1000 லீற்றர், ஆறு பேருக்கு. ஒரு குளிப்புக்கு 5 நிமிடம்." எண் தந்தால் எழுத்தை மதிப்பவர் நேரம் பார்ப்பார், காரணம் கேட்பவர் கணக்கைப் பார்த்து ஏற்றுக்கொள்வார். கூடவே ஒவ்வொரு குளியலறையிலும் 15 லீற்றர் வாளியும் கோப்பையும் வையுங்கள். நம்மவரும் சிங்களவரும் சொல்லாமலே அதில் குளிப்பார்கள், இரண்டு வாளியோடு முடிந்துவிடும்.

டிஷூவைக் கழிவறைக்குள் போடுவது மேற்கிலிருந்து வருபவருக்குப் பழக்கம். அங்கே நகரக் கழிவுக் குழாய் அகலமானது. இங்கே நம் வீட்டுக் குழாய் ஒடுக்கம், போய்ச் சேர்வதும் வளவுக்குள் கட்டிய குழி. அவர்களுக்கு இது தெரிய வழியில்லை. மூடியுள்ள கூடை ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, அதன் நேர் மேலே, கண் மட்டத்தில் எழுதுங்கள். கூடை மூலையில் இருந்தால் விதி தோற்றுவிடும். கூடையைத் தினமும் காலையில் மாற்ற வேண்டும். ஒருநாள் நிரம்பி வழிந்தாலும் அடுத்த நாள் டிஷூ குழிக்குள் போகும்.

கால் மணலுக்கு விதியே தேவையில்லை. படலையடியில் முழங்கால் உயரத்தில் ஒரு குழாய், பக்கத்தில் ஒரு கல்லு வைத்தால் எந்த நாட்டுக்காரரும் தானாகக் கழுவிக்கொண்டு வருவார். செய்ய வேண்டியதைச் சுலபமாக்கிவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. மற்ற விதிகளையும் எழுதுமுன் இந்தக் குழாயை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள்.

இரவும் விடியற்காலையும்

உயர் நீதிமன்றம் 2007 இல் தந்த உத்தரவின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு இடமில்லை. இதைச் சொல்லிப் பாட்டுப் பெட்டியை நிறுத்தச் சொல்வது சரி. சிக்கல் மறுநாள் விடியற்காலையில், ஆறு மணிக்கு முன்பே கோயில் பாட்டுக் கேட்கும்போது வரும். "எனக்கு ஒரு விதி, கோயிலுக்கு வேறா?" என்று விருந்தினர் கேட்பார். அது நியாயமான கேள்வி, மழுப்பாதீர்கள். கோயில் திருவிழாவுக்கு ஊர் இடம் கொடுக்கும், அது ஆண்டில் சில நாட்கள்தான் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, முன்பதிவு நேரத்திலேயே "இந்தக் கிழமை பக்கத்துக் கோயிலில் திருவிழா, விடியற்காலையில் சத்தம் இருக்கும்" என்று எழுதிவிடுவது. மார்கழித் திருவெம்பாவை நாட்கள், சிவராத்திரி இரவு, அயலில் உள்ள கோயிலின் திருவிழா நாட்கள், பள்ளிவாசல் பாங்கு நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். முன்கூட்டிச் சொன்ன சத்தத்தை மனிதர் பொறுப்பார்கள். சிலர் எழுந்து பார்க்கவும் போவார்கள்.

போயா (முழுநிலவு) நாளில் மதுபானமும் இறைச்சியும் விற்கப்படாது. முதல்நாள் மாலையே விருந்தினருக்குச் சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும் என்றும் சொல்லுங்கள்.

கோயில், விகாரை, பள்ளிவாசல்

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரட்றிக் கோட்டைக்குள்ளால். உள்ளே இராணுவம் இருக்கிறது. காவலரணையும் சிப்பாய்களையும் படம் எடுக்கக்கூடாது என்பதை அறையிலிருந்து புறப்படும்போதே சொல்ல வேண்டும். அங்கே போய்ச் சொன்னால் கைப்பேசி ஏற்கெனவே கையில் இருக்கும். தோளும் முழங்காலும் மூட வேண்டும். வீட்டில் இரண்டு சாரமும் இரண்டு சால்வையும் துவைத்து மடித்து இரவல் கொடுக்க வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. கோட்டை வழியில் நிற்கும் புள்ளிமான்களுக்குப் பொலித்தீன் பையோடு எதையும் நீட்டவேண்டாம் என்று காரணத்தோடு சொல்லுங்கள்: பையின் வாசத்துக்கு அதையும் சேர்த்து விழுங்கிவிடும், வயிற்றில் சிக்கிச் சாகும். இந்த ஒன்றைக் கேட்டபின் மீறிய விருந்தினர் குறைவு.

புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பதும், புத்தர் உருவத்தைப் பச்சை குத்தி வெளியே தெரிய நடப்பதும் இந்த நாட்டில் விளையாட்டில்லை. 2014 இல் கையில் புத்தர் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவர் நாடுகடத்தப்பட்டார். பச்சை தெரிந்தால் கூச்சப்படாமல் தனியாகக் கூப்பிட்டு, நீளக் கை உடுப்புப் போடச் சொல்லுங்கள். சொல்லாமல் விடுவதுதான் அவருக்குச் செய்யும் அநியாயம்.

முஸ்லிம் குடும்பம் வந்தால் தொழுகைத் திசையைக் கேட்பார்கள். இங்கிருந்து மேற்கு, சற்று வடக்கே சாய்ந்து. பன்றி இறைச்சி சமைத்த பாத்திரம் வீட்டில் உண்டென்றால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

புறாமலை

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தள்ளிக் கடலில் உள்ள தீவு. 1963 இல் சரணாலயம், 2003 இல் தேசியப் பூங்கா. அனுமதிச்சீட்டு வனசீவராசிகள் திணைக்களத்தினுடையது, வெளிநாட்டாருக்குக் கட்டணம் கூட. அது உங்கள் இலாபமில்லை என்பதைச் சீட்டைக் கையில் கொடுத்தே காட்டுங்கள். படகுக் கூலி, எத்தனை பேருக்கு, எத்தனை மணித்தியாலம் காத்து நிற்பது ஆகிய மூன்றையும் புறப்படமுன் தாளில் எழுதிக் காட்டினால் திரும்பி வரும்போது வாய்த்தர்க்கம் இராது.

முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) ஏறி நிற்பவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. நீந்தத் தெரியாமல், முகமூடிக்குள் தண்ணீர் புகுந்து, பயத்தில் காலூன்றுகிறார்கள். ஆகவே "முருகையை மிதிக்காதீர்" என்று மட்டும் சொல்வது பயன்படாது. நீச்சல் தெரியாதவருக்கு மிதவை அங்கி கட்டாயம். மணல் தரை எங்கே இருக்கிறது, பயம் வந்தால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று படகிலிருந்தே கையால் காட்டுங்கள். முகமூடியைக் கரையோர ஆழமில்லாத் தண்ணீரில் ஐந்து நிமிடம் பழக்குங்கள். முருகை கல்லில்லை, உயிர், உடைந்த கிளை திரும்ப வளர ஆண்டுகள் எடுக்கும் என்று சொல்லுங்கள். கரையில் குவிந்து கிடக்கும் செத்த முருகைத் துண்டையும் எடுத்துவர முடியாது. பிள்ளைகளின் பையைத் திரும்பும்போது நட்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீதி

ஸ்கூட்டர் வாடகைக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க. தலைக்கவசம் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். விருந்தினரின் சொந்த நாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கே செல்லாது. இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, பிரதி எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள். இல்லாமல் கொடுத்து விபத்து நடந்தால் காப்புறுதியும் கைவிட்டுவிடும்.

நம் வீதியில் எழுதாத விதிகள் பல. முன்னால் வருபவர் விளக்கை இரண்டுதரம் அடித்தால் "நான் வருகிறேன், நீ நில்" என்று பொருள். ஜேர்மனியில் அதே சைகை "நீ போ" என்று வழிவிடுவது. இந்த ஒரு வேறுபாடே உயிரை எடுக்கும், சாவியைக் கொடுக்கும்போது சொல்லுங்கள். பாதசாரிக் கடவையில் கால் வைத்தவுடன் வாகனம் நிற்கும் என்று நம்பவேண்டாம், கையை நீட்டிச் சாரதியின் கண்ணைப் பார்த்து இறங்கச் சொல்லுங்கள்.

பொலிஸ் மறித்துத் தண்டம் எழுதினால் 14 நாளுக்குள் முறைப்படி கட்டிவிட்டுப் போவதே வழி. "கையில் கொடுத்து முடிக்கலாம்" என்று நீங்கள் ஒருபோதும் சொல்லிக்கொடுக்காதீர்கள். கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகள்.

மீறினால் எதுவும் நடக்காது என்று தெரிந்த இடத்தில் யாருடைய பழக்கமும் தளரக்கூடும். நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் இராஜதந்திரிகளிடம் 2002 வரை வாகனத் தரிப்பிடத் தண்டம் அறவிட வழியில்லை. அப்போதும் நோர்வே, சுவீடன், ஜப்பான் நாட்டவர் தண்டப் பாக்கி வைக்கவில்லை. குவைத், எகிப்து நாட்டவரிடம் தலைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கட்டாத தண்டச்சீட்டுகள் சேர்ந்திருந்தன. இலக்கத்தகட்டைக் கழற்றும் அதிகாரம் நகரத்துக்குக் கிடைத்ததும் மீறல் சட்டென்று விழுந்துவிட்டது. பழக்கம் உண்மை, அதை மாற்றலாம் என்பதும் உண்மை.

விலக்குக் கொடுப்பது

நமக்குத் தாட்சண்ணியம் கூட. முகத்தைப் பார்த்து "பரவாயில்லை" என்று சொல்லிவிடுவோம். அது நல்ல குணம், விடவேண்டாம். ஆனால் ஒருவருக்கு இரண்டு மணிவரை அறையை விட்டுக்கொடுத்து, பதினொரு மணிக்கே பையைக் கட்டிக்கொண்டு வந்த மற்றவர் அதைப் பார்த்தால் மனம் நோவார். அவருக்கு நோவது விலக்கினாலல்ல, தனக்கு அது தெரியாமல் போனதால்.

விலக்கையும் பலகையில் எழுதுங்கள்: "11 மணி. அடுத்து ஆள் வராவிட்டால் 1 மணிவரை இலவசம், அதற்குமேல் அரைநாள் வாடகை." இனி நீங்கள் காட்டும் தாட்சண்ணியத்தை எல்லாரும் கேட்டுப் பெறலாம். எந்த விதிக்கு விலக்கே இல்லை என்பதையும் வீட்டுக்குள் பேசி முடிவெடுங்கள். கடல் பாதுகாப்பு, தலைக்கவசம் இரண்டுக்கும் எவருக்காகவும் விலக்கு வேண்டாம். அம்மா "இல்லை" என்றதை மகன் "ஓம்" என்றால் அடுத்த நாளிலிருந்து எல்லாரும் மகனிடம்தான் கேட்பார்கள்.

சொந்தக்காரர்

இதுதான் கடினம். பெரியப்பா கையில் விதித்தாளைக் கொடுத்தால் "நான் என்ன வெளியாளோ?" என்பார். கொடுக்காதீர்கள். வந்த குடும்பத்தில் மூத்தவரைத் தேநீரோடு இருத்தி, "தாங்கி சின்னது பெரியப்பா, நீங்கள்தான் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்று பொறுப்பை அவரிடம் கொடுங்கள். விதியை அவர் தன்னுடையதாக எடுத்துக்கொள்வார். யாத்திரையாக வரும் சிங்களக் கூட்டத்திலும் இதே வழிதான். நாற்பது பேரிடம் சொல்லாதீர்கள், அவர்களை அழைத்துவரும் நடே குருவிடம் சொல்லுங்கள்.

சுவிஸில் பிறந்த பிள்ளைகளுக்கு நேர்மாறு. உடுப்புத் துவைக்கவும் முறைநாள் போட்டு வைத்திருக்கும் கட்டிட வீடுகளில் வளர்ந்தவர்கள். பேருந்தில் யன்னலால் கைலேஞ்சி போட்டு இருக்கை பிடிப்பதையும், முன் ஆசனம் மதகுருமாருக்கென்று ஒதுக்கியிருப்பதையும் கண்டு திகைப்பார்கள். "இங்க இப்படித்தான்" என்பது அவர்களுக்குப் பதிலாகாது. வரிசை இல்லாததுபோல் தெரியும் இடத்திலும் ஒழுங்கு உண்டு என்று காட்டுங்கள்: முதியவர் ஏறினால் இளையவர் எழும்புவார், கர்ப்பிணிக்கு எவரும் சொல்லாமலே இடம் கிடைக்கும். பிள்ளை வரிசையில் நிற்க ஆசைப்பட்டால் சிரிக்கவேண்டாம், பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள்.

மீறியபின்

முதல் தடவை தனியாக, அன்றே, காரணத்தை மட்டும் சொல்லுங்கள். மற்ற விருந்தினர் முன்னிலையில் வேண்டாம், முகம் சுண்டினால் எவரும் நியாயம் கேட்கமாட்டார். இரண்டாம் தடவை பலகைக்கு அழைத்துப்போய் வரியைக் காட்டுங்கள். மூன்றாம் தடவை எழுதியிருக்கும் கட்டணம் எதுவோ அது, ஒரு ரூபாய் கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை. எழுதாத தண்டத்தை வாங்க உங்களுக்கு உரிமையில்லை.

பருவம் முடிந்து ஒக்ரோபரில் பலகையைக் கழற்றும்போது ஒவ்வொரு வரியையும் பாருங்கள். எழுதிவைத்து நீங்களே ஒருநாளும் கேட்காத விதி இருந்தால் அழியுங்கள். அது மற்ற நான்கையும் பலவீனமாக்குகிறது. திரும்பப் பூட்டும்போது இரும்பு ஆணி வேண்டாம், உப்புக் காற்றில் கறள் வடிந்து எழுத்தை மூடும். பித்தளைத் திருகாணி நான்கு போதும்.